போகாமல் தங்கும் அரைக் கிலோ

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். அன்றைய வான்கோழி விருந்தோடு தொடங்கும் சாப்பாட்டுக் காலம், கிறிஸ்துமஸைத் தாண்டிப் புத்தாண்டு வரை ஐந்தாறு வாரங்களுக்கு நீளும். இந்த வாரங்களில் ஒரு சராசரி அமெரிக்கர் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடிவிடுகிறார் என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதிவந்தன. நான்கு கிலோ என்று எழுதியவர்களும் உண்டு. எழுதியவர்களில் யாரும் நிறுத்துப் பார்த்து எழுதவில்லை.

முறையாக நிறுத்துப் பார்த்தவர்கள் மேரிலாண்ட் மாநிலத்தின் பெதஸ்டா நகரில் உள்ள தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள், ஜாக் யனோவ்ஸ்கியும் சூசன் யனோவ்ஸ்கியும் அவர்களுடைய குழுவினரும். 195 பேரை இலையுதிர் காலத்தில் ஒருமுறை, பண்டிகைக் காலத்துக்குச் சற்று முன்பு ஒருமுறை, அது முடிந்ததும் ஒருமுறை, குளிர்காலக் கடைசியில் ஒருமுறை என்று எடை பார்த்தார்கள். எடைதான் விஷயம் என்று தெரிந்துவிட்டால் ஆள் சாப்பாட்டைக் குறைத்துவிடுவார் அல்லவா? அதனால் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் சேர்த்தே அளந்தார்கள்.

2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வெளியானது. பண்டிகை வாரங்களில் கூடிய எடை சராசரியாக 370 கிராம். இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலக் கடைசி வரை மொத்தமாகச் சேர்ந்தது 480 கிராம். இரண்டு கிலோவுக்கு மேல் கூடியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஏற்கெனவே உடல் பருத்தவர்களே அவர்களில் அதிகம். ஆனால், எவ்வளவு கூடியிருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டபோது, உண்மையில் கூடியதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கைச் சொன்னார்கள்.

இவ்வளவுதானா என்று நிம்மதியடையலாம். ஆய்வாளர்களும் அதோடு விட்டிருக்கலாம். அவர்கள் விடாமல், ஓராண்டு கழித்து வரக்கூடியவர்களை மறுபடி அழைத்து நிறுத்தார்கள். வந்தவர்கள் 165 பேர். குளிர்காலத்தில் ஏறிய அந்தச் சிறு எடை வசந்தத்திலும் கோடையிலும் இறங்கவே இல்லை. ஆண்டு முழுவதற்குமாக அவர்களுக்குக் கூடியது 620 கிராம். அதில் பாதிக்கு மேல் அந்தச் சில வாரங்களில் வந்தது. நடுவயதில் பலருக்கும் இடுப்புச் சுற்றளவு ஏறுவது இப்படித்தான். ஆண்டுக்கு அரைக் கிலோ என்றால் இருபது ஆண்டுகளில் பத்துக் கிலோ. எந்த ஒரு டிசம்பரிலும் அது கண்ணில் படாது.

2016இல் பின்லாந்தின் தம்பெரே நகரைச் சேர்ந்த எலினா ஹெலாண்டர் இதை வேறொரு வழியில் பார்த்தார். வீட்டிலிருந்தே இணையத்துக்கு அளவை அனுப்பும் எடைக்கருவிகளை வைத்திருந்த 2,924 பேரின் ஓராண்டுப் பதிவுகளை எடுத்துக்கொண்டார். அமெரிக்கர், ஜெர்மானியர், ஜப்பானியர் என மூன்று நாட்டவர். கிறிஸ்துமஸ் முடிந்த பத்து நாட்களுக்குள் அமெரிக்கருக்கு எடை 0.4 சதவீதமும் ஜெர்மானியருக்கு 0.6 சதவீதமும் கூடியிருந்தது. ஜப்பானில் புத்தாண்டுதான் பெரிய பண்டிகை. அங்கே 0.5 சதவீதம். அதோடு, ஏப்ரல் இறுதியில் தொடங்கும் அவர்களுடைய பொன் வார விடுமுறையிலும் ஒரு சிறு ஏற்றம் இருந்தது. ஆக, வான்கோழியையும் கேக்கையும் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எந்த ஊர்ப் பண்டிகையானாலும் எடை ஏறுகிறது. ஏறியதில் பாதி சீக்கிரம் இறங்கியது. மீதி கோடை வரையிலும் அதற்கு அப்பாலும் தங்கியது. விலை கொடுத்து எடைக்கருவி வாங்கி ஆண்டு முழுவதும் ஏறிநிற்பவர்கள் உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள். அவர்களுக்கே இந்த நிலை.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். ஹெலாண்டரின் ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான பிரையன் வான்சிங்கின் வேறு பல ஆய்வுகள் பின்னாளில் திரும்பப் பெறப்பட்டன. அவர் ஆய்வு நெறியை மீறினார் என்று 2018இல் கார்னெல் பல்கலைக்கழகமே அறிவித்தது. சிறிய தட்டில் சாப்பிட்டால் குறைவாகச் சாப்பிடுவோம் என்று டிசம்பர்தோறும் படிக்கிறோமே, அந்த யோசனை பரவியதில் அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே இந்த எடைக்கருவிக் கணக்கை மட்டும் தனியாக நம்பச் சொல்லமாட்டேன். பெதஸ்டாவின் முடிவோடு ஒத்துப்போவதால்தான் எடுத்துவைக்கிறேன்.

கூடியது அரைக் கிலோதான் என்றால், நான்கு மடங்கு கூடியதுபோல ஏன் தோன்றுகிறது? டிசம்பர் 26 காலையில் எடைக்கருவியில் ஏறும் ஒருவருக்கு ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டினால் ஆச்சரியமில்லை. அதில் பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தின் ஒரு பங்கைக் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜனாகச் சேமிக்கின்றன. முழுதும் நிரம்பினால் ஏறக்குறைய அரைக் கிலோ சேரும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைக்கும். போதாததற்கு, பன்றித் தொடைக்கறி, குழம்பு, உப்பிட்ட பருப்புகள் என்று உள்ளே போன உப்பும் தண்ணீரைத் தக்கவைக்கும். குடலில் இன்னும் செரித்து முடியாத உணவின் எடையும் உண்டு. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாட்களில் இவை எல்லாம் இறங்கிவிடும்.

கொழுப்பின் கணக்கு வேறு. ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். நாளொன்றுக்கு 2,000 கலோரி போதுமான ஒருவர் கிறிஸ்துமஸ் அன்று அதைப்போல இரண்டு மடங்கு சாப்பிட்டாலும், சேரக்கூடிய கொழுப்பு கால் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். விருந்துக்கு மறுநாள் எண்ணைப் பார்த்துப் பதறிப் பட்டினி கிடப்பவர் தண்ணீரோடுதான் சண்டை போடுகிறார். அந்தப் பட்டினி இரண்டாம் நாள் பெரும்பசியாகத் திரும்பிவரும். வேண்டாம்.

ஒரு வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதை உடல் எப்படிச் சமாளிக்கிறது என்பதை இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பெட்ஸும் ஆரன் ஹெங்கிஸ்டும் 2020இல் சோதித்தார்கள். நல்ல உடல்நலமுள்ள 14 இளைஞர்களுக்கு பீட்சா கொடுத்தார்கள். போதும் என்று தோன்றும் வரை சாப்பிட்ட நாளில் சராசரியாக 1,500 கலோரி அளவு சாப்பிட்டார்கள். இனி ஒரு வாய்கூட இறங்காது என்னும் வரை சாப்பிட்ட நாளில் அது இரண்டு மடங்கானது. ஆனால் இரண்டாவது நாளில் ரத்தச் சர்க்கரை முதல் நாளைவிட உயரவில்லை. கணையம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இன்சுலினைச் சுரந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தது. ரத்தத்தில் கொழுப்பும் சற்றுத்தான் உயர்ந்தது. இளம் உடலுக்கு ஒரு விருந்து தாங்கும் என்பதற்கு இது நல்ல சான்று. நீரிழிவு உள்ளவருக்கும் அறுபது வயதுக்காரருக்கும் இதை அப்படியே பொருத்தக் கூடாது. அவர்களுடைய கணையத்தில் அவ்வளவு இருப்பு இல்லை.

அப்படியானால் கெடுதல் எங்கிருந்து வருகிறது? என் பதில் இது: விருந்தில் உள்ளே போவதைவிட, விருந்துக் காலத்தில் நம்மிடம் நின்றுபோகிறவைதாம் அதிகம் கெடுக்கின்றன. நடை நின்றுபோகிறது. நேரத்துக்குச் சாப்பிடுவது நின்றுபோகிறது. உறக்கம் குறைகிறது. மாத்திரை மறந்துபோகிறது. கடைசியில் மருத்துவரிடம் போவதும் தள்ளிப்போகிறது.

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல சான்றும் பாத் நகரிலிருந்தே வருகிறது. 2013இல் ஜான்-பிலிப் வால்ஹின், டிலன் தாம்சன், பெட்ஸ் ஆகியோர் 26 இளைஞர்களை ஒரு வாரம் வேண்டுமென்றே அதிகமாகச் சாப்பிட வைத்தார்கள். எல்லோரும் அன்றாட நடமாட்டத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு 4,000 அடிகளுக்குள் அடங்க வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் சோபாவும் தொலைக்காட்சியுமாகப் பலர் இருக்கும் நிலை இதுதான். ஒரு குழுவினர் வழக்கத்தைவிடப் பாதி அதிகமாகச் சாப்பிட்டார்கள். இன்னொரு குழுவினர் முக்கால் பங்கு அதிகமாகச் சாப்பிட்டார்கள், கூடவே தினமும் 45 நிமிடம் ஓடுபொறியில் ஓடினார்கள். ஓட்டத்தில் செலவானதைக் கழித்தால் இரு குழுவினருக்கும் உடலில் மிஞ்சிய ஆற்றல் ஒரே அளவு. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், ஓடாதவர்களுக்கு ரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடு சரிந்திருந்தது. கொழுப்புத் திசுவின் மரபணுச் செயல்பாடுகளும் கெடுதலான திசையில் மாறியிருந்தன. ஓடியவர்களிடம் இந்த மாற்றங்கள் பெரிதாக இல்லை. மிச்சக் கலோரி ஒன்றேதான் என்றாலும் உடல் அதை எடுத்துக்கொண்ட விதம் வேறு. உடற்பயிற்சியைக் கலோரி கழிக்கும் வேலையாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த ஆய்வை இன்னொருமுறை படிக்க வேண்டும். இயங்கும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, இன்சுலினுக்கு ஒழுங்காகச் செவிசாய்க்கிறது. அசையாத தசை சில நாட்களிலேயே அந்தப் பழக்கத்தை இழக்கத் தொடங்குகிறது.

பெதஸ்டாவிலும் இதையே வேறு கோணத்தில் கண்டிருந்தார்கள். எடை மாற்றத்தோடு எவை எவை ஒத்துப்போகின்றன என்று தேடியபோது, மன அழுத்தமோ எத்தனை விருந்துகளுக்குப் போனார்கள் என்பதோ பொருட்டாக இல்லை. இரண்டே விஷயங்கள் தேறின: எவ்வளவு நடமாடினார்கள், எவ்வளவு பசித்தது.

பசி என்றதும் விருந்து மேசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் மதிய உணவில் வறுத்த வான்கோழி, கொழுப்பில் பொரித்த உருளைக்கிழங்கு, பன்றி இறைச்சிச் சுருளில் பொதிந்த சாசேஜ், களைக்கோசு, கிரான்பெர்ரி சாஸ், பிறகு பிராந்தி வெண்ணெயோடு புட்டிங், உலர்பழம் நிறைத்த மின்ஸ் பை என்று வரிசையாக வரும். பார்பரா ரோல்ஸ் 1980களில் செய்த சோதனை ஒன்றில், நான்கு வகை உணவுகள் அடுத்தடுத்து வந்தபோது, ஒரே உணவு நான்கு முறை வந்ததைவிட மக்கள் 60 சதவீதம் அதிகமாகச் சாப்பிட்டார்கள். ஒரு சுவை சலித்த பிறகும் இன்னொரு சுவை சலிப்பதில்லை. சாம்பார், ரசம், மோர் எல்லாம் முடித்து இலையை மூடப்போகும்போது பாயசம் வந்தால் கை நீள்வது இதனால்தான். ஜான் டி காஸ்ட்ரோவின் உணவு நாட்குறிப்பு ஆய்வுகளில், தனியாகச் சாப்பிடுவதைவிடப் பிறரோடு சேர்ந்து சாப்பிடும்போது உணவின் அளவு 44 சதவீதம் அதிகமாக இருந்தது. உறவும் நட்பும் கூடினால் மேசையில் நேரம் நீள்கிறது. இதைத் தடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. கூடி உண்பதற்குத்தான் பண்டிகை.

தடுக்க வேண்டியதை 2016, 2017 கிறிஸ்துமஸ்களில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பிரான்சஸ் மேசனும் அவருடைய குழுவினரும் சோதித்துப் பார்த்தார்கள். 272 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பொதுவான உடல்நலக் கையேடு மட்டும். மறு பாதிக்கு மூன்று வேலைகள் கொடுத்தார்கள். வாரத்துக்குக் குறைந்தது இரண்டு முறை எடை பார்த்து எழுதிவைக்க வேண்டும். வேளை தவறாமல் சாப்பிடுவது, நாளுக்கு 10,000 அடி நடப்பது, மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பது போன்ற பத்துப் பழக்கங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். அதோடு பண்டிகைத் தின்பண்டங்களின் கலோரியை உழைப்பு நேரமாகக் காட்டும் அட்டை ஒன்றையும் கொடுத்தார்கள்: ஒரு சிறிய மின்ஸ் பை என்றால் 21 நிமிட ஓட்டம், சூடான மசாலா ஒயின் ஒரு சிறு கோப்பை என்றால் 33 நிமிட நடை.

கையேடு மட்டும் பெற்றவர்களுக்குக் கூடிய எடை 370 கிராம். பெதஸ்டாவில் பார்த்த அதே எண். வேறு கண்டம், ஏறக்குறைய இருபது ஆண்டு இடைவெளி. மற்றவர்களுக்கோ 130 கிராம் குறைந்திருந்தது. மற்ற வேறுபாடுகளைச் சரிக்கட்டிப் பார்த்தபோது இரு குழுவினருக்கும் இடையே இருந்த தூரம் 490 கிராம். ஆண்டுதோறும் போகாமல் தங்குவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். மருந்தில்லை, பத்தியமில்லை, கேக்குக்குத் தடையில்லை. 2018 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

இந்த மூன்றில் எடை பார்ப்பதையும் வேளை தவறாமையையும் தயங்காமல் பரிந்துரைப்பேன். உழைப்பு நேர அட்டையில் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. உணவைத் தண்டனையோடு கட்டிவிடும் எதுவும், உண்பதில் ஏற்கெனவே அச்சம் உள்ளவர்களைக் காயப்படுத்தும். அப்படிப்பட்டவர்கள் எடைக்கருவியையும் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்கு மருத்துவரின் துணைதான் வேண்டும்.

பழைய கிறிஸ்தவ நாட்காட்டியில் இந்தக் காலத்துக்கு ஓர் எல்லை இருந்தது. கிழக்குத் திருச்சபைகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலம். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் பலர் இன்றும் டிசம்பரில் இருபத்தைந்து நாள் இறைச்சி விலக்கி நோன்பிருக்கிறார்கள். நோன்பு முடிந்த பிறகே விருந்து. நவம்பரிலேயே கடைகளில் கேக் அடுக்கப்படும் இந்தக் காலத்தில் முன்பக்க எல்லை அழிந்துவிட்டது. அலுவலகத்தில் ஒரு கேக், பள்ளியில் ஒரு கேக், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டு.

தமிழ்நாட்டில் இந்தக் காலம் இன்னும் நீளம். தீபாவளி அதிரசத்தில் தொடங்கி, குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளின் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கேக், மதியப் பிரியாணி என்று வந்து, பொங்கலில்தான் ஓய்கிறது. எல்லா மதத்தார் வீட்டுக்கும் எல்லாப் பலகாரமும் போய்ச் சேரும் ஊர் நம்முடையது. அது நம் பெருமை. ஆனால் நம் உடல்வாகு அரைக் கிலோவை எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. தெற்காசியருக்குக் கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேர்வது அதிகம். ஆசிய மக்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தொட்டதுமே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது இதனால்தான். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் மதிப்பிட்டது.

எடையைத் தாண்டியும் பண்டிகைக் காலம் உடலில் தடம் விடுகிறது. கோபன்ஹேகனில் 25,764 பேரின் ரத்தப் பரிசோதனைகளைத் தொகுத்தபோது, கிறிஸ்துமஸ் முடிந்த உடனே எடுத்தவற்றில் எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்டிரால் கோடையில் இருந்ததைவிட ஏறக்குறைய 20 சதவீதம் உயர்ந்திருந்தது. டென்மார்க்கில் பன்றி வறுவலும் சர்க்கரைப் பாகில் புரட்டிய உருளைக்கிழங்கும் வெண்ணெயும் மேசையை நிறைக்கும் நாட்கள் அவை. ஜனவரி முதல் வாரத்துப் பரிசோதனையை மட்டும் வைத்து ஒருவருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை எழுதிவிடக் கூடாது. சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

மதுவின் தடம் இன்னும் நேரடியானது. 1978இல் நியூஜெர்சியில் பிலிப் எட்டிங்கர், வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு, இதயத்துடிப்பு தாறுமாறாகி மருத்துவமனைக்கு வருகிறவர்களைக் கவனித்து, அதற்கு ‘விடுமுறை இதயம்’ என்று பெயரிட்டார். முன்பு இதயநோய் இல்லாதவர்களுக்கும் இது வரும்.

ஸ்வீடனில் 1998 முதல் 2013 வரை பதிவான 2,83,014 மாரடைப்புகளை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அந்நாட்டில் பண்டிகையின் உச்சம் டிசம்பர் 24. அன்று மாரடைப்பு 37 சதவீதம் அதிகம். இரவு பத்து மணியளவில் உச்சம். முதியோர், நீரிழிவு உள்ளவர், ஏற்கெனவே இதயநோய் உள்ளவர் ஆகியோருக்கே ஆபத்து கூடுதலாக இருந்தது. குளிர்தான் காரணமா என்று கேட்கலாம். நியூசிலாந்தில் கிறிஸ்துமஸ் கோடையில் வருகிறது. அங்கேயும் அந்த இரண்டு வாரங்களில் மருத்துவமனைக்கு வெளியே நிகழும் இதய மரணங்கள் 4.2 சதவீதம் அதிகமாக இருந்தன. அமெரிக்காவில் பல கோடி இறப்புச் சான்றிதழ்களை ஆராய்ந்த டேவிட் பிலிப்ஸ், இதய மரணங்கள் மிகுதியாக விழும் நாட்கள் டிசம்பர் 25, 26, ஜனவரி 1 என்று 2004இல் காட்டினார். அவர் முன்வைத்த காரணங்களுள் ஒன்று, மனிதர்கள் மருத்துவமனைக்குத் தாமதமாகப் போவது. வீடு நிறைய விருந்தினர் இருக்கும்போது, எல்லோரையும் பதற வைப்பானேன் என்று நெஞ்செரிச்சலாக நினைத்துக்கொண்டு காலை வரை பொறுத்திருப்பார்கள்.

ஆகவே நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிளம்பும்போது, பலகாரப் பைக்கு முன்பாக மாத்திரைப் பையை எடுத்துவையுங்கள். மதிய விருந்து முடிந்ததும் படுக்கைக்குப் போகாமல், வந்திருக்கும் உறவினரை அழைத்துக்கொண்டு அரை மணி நேரம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். யாருக்காவது நெஞ்சு அழுத்தினாலோ, இடது கையோ தாடையோ வலித்தாலோ, காரணமில்லாமல் வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, விருந்து நடுவில் இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள்.